நீலகிரியின் கைவினையும் கதையும்: பிள்ளைகளை என்ன கேட்டுவரச் சொல்வது?

சோலைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து, அவரவர் ஊர்க் கைவினை, வீட்டில் சொல்லும் கதை, ஊரைச் சுற்றியுள்ள பழைய இடங்கள் இவற்றையெல்லாம் எழுதிவைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். முதல் சுற்றுத் தாள்கள் வந்துவிட்டன. "கொடுவாள், மிகப் பழையது. மண்பானை, விரிசல் விட்டது. பூவேலை செய்த போர்வை, பாட்டியுடையது." பெரும்பாலானவை இப்படித்தான். பொருளின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, அதோடு சரி.

இந்த மலையில் எந்தப் பொருளும் ஒரே கூட்டத்தாரின் கையில் பிறந்து அங்கேயே தேய்ந்து போனதில்லை. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்பு அடித்தார்கள், மரவேலை செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பானை வனைந்தார்கள், சாவுக்கும் விழாவுக்கும் ஆண்கள் இசை வாசித்தார்கள். படுகர் தானியம் அளந்தார்கள். குறும்பர் தேனும் மூங்கில் சாமானும் கொண்டுவந்தார்கள், விதைப்புக்கும் அறுப்புக்கும் வேண்டிய சடங்கைச் செய்து கொடுத்தார்கள். அந்தக் கொடுவாளை அடித்தவர் யார், யாருக்காக அடித்தார், பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டார் என்று தெரியாமல் கொடுவாளை மட்டும் எழுதிவைத்து என்ன பயன்?

அதனால் கேள்விகளை மாற்றப் போகிறேன். இங்கே மலைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில் இருந்து சொல்லுங்கள், எதை எப்படிக் கேட்க வேண்டும்?

ஹட்டிக்காரர்

நல்ல காரியம், டீச்சர். நான் படுகர். எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் ஊரில், பெரியவர்கள் பேசும்போது "எங்க கோத்தர்" என்று சொல்வார்கள். ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் வழிவழியாக ஒரு கோத்தர் குடும்பம் உண்டு. கலப்பைக்கு இரும்பு, களைக்கொத்து, அரிவாள், பானை எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் வரும். காசு கிடையாது. அறுவடை முடிந்ததும் தானியம் போகும். அப்பா போனபின் மகன், அந்த மகனுக்குப்பின் அவன் மகன் என்று அந்த உறவு தொடரும்.

ஆனால் பிள்ளைகள் இதை வெறும் இனிப்பாக எழுதிவிடக் கூடாது. கொடுக்கல் வாங்கல் இருந்தது என்றால் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. மேல் கீழ் இருந்தது, தொடக்கூடாது என்பது இருந்தது. எங்கள் சாவு வீட்டில் கோத்தர் வந்து வாசிக்காமல் எதுவும் நகராது. அந்த வாசிப்பைத்தான் 1930-களை ஒட்டி நம் ஊர்கள் பலவற்றில் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். சீர்திருத்தம் என்றார்கள் ஒரு பக்கம், முன்னோர் வழக்கத்தை எப்படி விடுவது என்றார்கள் மறுபக்கம். ஊருக்குள்ளேயே கட்சி பிரிந்து நின்றார்கள். கோத்தர் பக்கத்திலும் அடுத்தவர் சாவுக்குப் போய் வாசிப்பது நமக்கு மரியாதையா என்ற கேள்வி இருந்தது. அந்த வாசிப்பு நின்றதோடு இரண்டு ஊர்களும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் வந்துபோக இருந்த பெரிய காரணமும் போய்விட்டது.

அப்புறம் தேயிலை வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, கையில் காசு வந்தது. மண்வெட்டியைச் சந்தையில் வாங்கினோம், அலுமினியப் பாத்திரம் வாங்கினோம். சாமை, தினை விதைத்த நிலமெல்லாம் தேயிலையானபின் பதிலுக்கு அளந்து கொடுக்கத் தானியமே இல்லையே. "இது எப்போது நின்றது, ஏன் நின்றது" என்பதையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள். நின்றுபோன கதையைச் சொல்லும்போதுதான் பெரியவர்கள் வாய் திறப்பார்கள்.

மந்துப்பெண்

டீச்சர் எழுதியதில் அந்தப் "பூவேலை செய்த போர்வை" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தோடர் பெண், ஊட்டிக்கு மேலே எங்கள் மந்து, அதாவது எங்கள் குடியிருப்பு. அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். சால்வை மாதிரி குளிருக்கு மட்டும் போர்த்துவதில்லை. விழாவுக்கு அதுதான், சாவுக்கும் அதுதான். ஒருவர் இறந்தால் பூவேலை செய்த பூத்துக்குளியில் சுற்றித்தான் அனுப்புவோம். எங்கள் வீட்டில் வயதானவர்கள் தங்களுக்கு என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்துக் காட்டி, எந்தக் கரை யார் போட்டது என்று சொல்வார்கள். பயமும் கிடையாது, அழுகையும் கிடையாது.

வேலை எப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதை எடுத்துக்கொள்ளுங்கள். துணி கொஞ்சம் முரடாக, இழை தனித்தனியாகத் தெரியும்படி நெய்த வெள்ளைப் பருத்தி. அதில் நெய்யும்போதே சிவப்பு, கறுப்புப் பட்டைகள் வந்திருக்கும். அந்தப் பட்டைகளுக்கு நடுவேதான் எங்கள் வேலை. துணியில் கோடு போட மாட்டோம், வரைந்து பார்க்க மாட்டோம், சட்டத்தில் பூட்ட மாட்டோம். மடியில் போட்டுக்கொண்டு இழையை விரலால் எண்ணி, இத்தனை விட்டு இத்தனை எடுத்து என்று ஊசி போகும். கண்ணைவிட விரல்தான் எண்ணுகிறது. ஒரு இழை தவறினால் அடுத்த வரிசையில் எருமைக்கொம்பு கோணிக்கொள்ளும், பிரிக்க வேண்டியதுதான். சிவப்பு, கறுப்பு நூல் இழுத்து இழுத்துத் தைப்பதால் ஒரு பக்கம் தறியில் நெய்தது போல வழுவழுப்பாக இருக்கும், இன்னொரு பக்கம் நூல் சின்னச் சின்ன வளையமாக எழும்பி நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் வழுவழுப்பான பக்கத்தைத் தடவிப் பார்த்து இதுதான் நேர்ப்பக்கம் என்பார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அந்த எழும்பி நிற்கும் பக்கம்தான் வெளிப்பக்கம்.

இன்னொன்று. அந்தத் துணியை நாங்கள் நெய்ததில்லை, எங்களுக்குத் தறியே கிடையாது. கீழே சமவெளியிலிருந்து நெய்து வரும். ஆக, எங்களுடையது என்று உலகமே சொல்லும் பூத்துக்குளியிலும் இன்னொருவர் கை இருக்கிறது. டீச்சர் சொன்னது சரிதான்.

மேட்டுக்கடை

ஊட்டியில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கிறேன், விற்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதன்பிறகும் அதே சிவப்பு, கறுப்பில் மெஷினில் அடித்த துண்டு சந்தையில் ஓடுகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பின்புறத்தைத் திருப்பிக் காட்டி, நூல் எப்படி ஓடுகிறது பாருங்கள் என்று நானே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முழுப் பூத்துக்குளியை வாங்குகிறவர் எத்தனை பேர்? மாதக்கணக்கான வேலை, அந்த விலைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். பர்ஸ், கைப்பை, தலையணை உறை, செல்போன் பை என்றால் போகிறது. சின்னதாகச் செய்தால்தான் வீட்டுக்கு வாராவாரம் காசு வரும். "பாரம்பரியம் போச்சு" என்று செல்போன் பையைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள், அந்தப் பெண்ணின் கையில் ஊசி இன்னும் இருப்பதற்கு அந்தப் பைதான் காரணம் என்பதை யோசிக்க வேண்டும்.

குந்தாவிலிருந்து

மேட்டுக்கடை அண்ணா, காசு வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சாவுப் போர்வையில் மட்டும் போடுகிற கோலத்தை எடுத்துக் காலடி மிதியடியில் போட்டு விற்றால்? வாங்குகிறவருக்கு அது வெறும் கட்டம். செய்த பெண்ணுக்கு அப்படி இல்லையே. வாங்குகிறவர் கேட்கிறார் என்பதற்காக எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடச் சொல்வது சரியாகப் படவில்லை.

மந்துப்பெண்

இரண்டு பேரும் சொல்வது எங்கள் வீட்டிலேயே நடக்கும் பேச்சுத்தான். அம்மா பைக்குப் போடுவார், பெரியம்மா போட மாட்டார். எங்களுக்குள்ளே ஒரு வரம்பு உண்டு. எருமைக்கொம்பு, முயல்காது மாதிரி இருக்கும் ஓரக் கோலம், கட்டங்கள் இவை எதில் வேண்டுமானாலும் வரலாம். சில கோலங்கள் பூத்துக்குளியை விட்டு வெளியே வராது. எது எது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது அச்சடிப்பார்கள்.

அண்ணா, உங்கள் கடையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் படித்த பெண்கள்கூட ஊசியை விடாமல் இருப்பதற்கு விற்பனை ஒரு காரணம்தான். ஒன்றே ஒன்று செய்யுங்கள். பொருளோடு ஒரு சீட்டு வையுங்கள், என்ன கோலம், எந்த மந்தில் தைத்தது என்று. தைத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் போடுங்கள்.

மேட்டுக்கடை

செய்கிறேன் தங்கச்சி. அடுத்த முறை சரக்கு எடுக்க வரும்போது அம்மாவையும் பெரியம்மாவையும் கேட்டே எழுதுகிறேன்.

கல்லெழுத்து

பழைய இடங்கள் பற்றி டீச்சர் கேட்டிருந்தார்கள். தொல்லியல் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரியின் வரலாறு ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் ஏறி வந்ததிலிருந்து தொடங்குவதாகவே பாதிப் புத்தகங்கள் எழுதுகின்றன. கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீட்டைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கட்டும், உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. ஆனால் அதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைக்காரர்கள் கல்வெட்டில் வந்துவிட்டார்கள். போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புனிசன், தோடரை அஞ்சவைத்ததாகப் பெருமை பேசும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சாமராஜநகர்ப் பக்கம் இருக்கிறது. ஜெயித்தவன் வெட்டிய கல் அது. அஞ்சியதாகச் சொல்லப்படுகிறவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது எந்தக் கல்லிலும் கிடையாது, அதற்குப் பாட்டிடமும் கதையிடமும்தான் போக வேண்டும்.

சோலூர், மேலூர்ப் பக்கங்களில் சிற்பம் செதுக்கிய கல்திட்டைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய பழைய நினைவிடங்கள், இருக்கின்றன. குன்றுகளின் தலைப்பில் வட்டமாக அடுக்கிய ஈமக் கற்குவியல்களும் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார், அவர் எழுதியது அவர் இறந்தபின் 1873-ல் நூலாக வந்தது. அந்தக் குவியல்களில் கிடைத்த மண்கலங்களின் மூடிமேல் எருமை உட்பட விலங்கு உருவங்கள் இருக்கும். அவ்வளவு அழகு. அவற்றில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிள்ளைகளை அழைத்துப் போகும்போது மூன்றே விஷயம். தோண்டக் கூடாது, எதையும் எடுத்துவரக் கூடாது. பாறை ஓவியம் இருக்கும் இடத்தில் படம் தெளிவாக விழ வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சாக்பீஸால் கோடிழுப்பதும் கூடவே கூடாது. கீழ்க்கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் கரிக்கையூர் ஓவியங்கள் தமிழ்நாட்டிலேயே பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. அதன்மேல் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். போவதென்றால் வனத்துறை அனுமதியோடு, பக்கத்து இருளர் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாறையில் இருப்பது மனிதனா மிருகமா என்று நாம் வாதாடிக்கொண்டிருப்போம், அவர் இந்த வழியாக எந்த மிருகம் எப்போது இறங்கும் என்று சொல்வார்.

தேன்பாறை

ஓவியம் என்றதும் ஆலு குறும்பர் ஊர்களைச் சொல்ல வேண்டும். வெள்ளரிக்கொம்பைப் பக்கம் எழுத்துப்பாறை இருக்கிறது. அந்தப் பாறையில் வரைந்தவர்கள் நம் முன்னோர் என்று அங்குள்ள ஓவியர்கள் சொல்வார்கள். வேங்கை மரத்துப் பால், மண், இலைச்சாறு இவற்றில் எடுக்கும் நிறம்தான். முன்பு கோயில், வீட்டுச் சுவரில் வரைந்தது இப்போது காகிதத்துக்கும் துணிக்கும் வந்திருக்கிறது. வரைகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

படத்தில் அடிக்கடி வருவது தேன் எடுக்கும் காட்சி. கொடியை முறுக்கி ஏணி பின்னி, செங்குத்துப் பாறையின் தலையில் கட்டி, ஒருவர் அதில் இறங்குவார். கீழே புகை. பாறையில் மலைத்தேனீயின் பெரிய பெரிய அடைகள். இறங்குகிறவர் தேனீயோடு பேசுவது போலப் பாடிக்கொண்டே இறங்குவார். இப்போது பாருங்கள், மேலே ஏணிக்குக் காவலாக யார் நிற்பார்? மனைவியின் உடன்பிறந்தவர். தன் சகோதரி தாலி இழக்க அவர் சம்மதிக்க மாட்டார் அல்லவா, அதனால் ஏணி பத்திரம். இந்த ஒரு விவரம் தெரியாமல் அந்த ஓவியத்தைப் பார்த்தால் மேலே நிற்கும் அந்தச் சின்ன உருவம் யாரோ ஒரு ஆள். தெரிந்தபின் அது ஒரு குடும்பம்.

டீச்சர், பிள்ளைகளை ஏணி எப்படிப் பின்னுவது என்று கேட்கச் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே "ஏணியை யார் பிடிப்பார்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். பானைக்கு மண் தோண்டப் போகும்போது முதலில் யார் தோண்டுவார், கொல்லுப்பட்டறையில் துருத்தியை யார் ஊதுவார், கோயில் கூரை மேயும்போது யார் மேலே ஏறலாம்.

குந்தாவிலிருந்து

கூரை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது யாரும் பேசாத பக்கம். தோடர் கோயில், அந்த அரைப் பீப்பாய் வடிவக் கட்டடம், எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். முத்தநாடு மந்தில் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் கோயிலையும் எடுக்கிறார்கள். அதற்கு மூங்கில் வேண்டும், பிரம்பு வேண்டும், சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். வேறு புல்லால் மேய முடியாது.

அந்தப் புல் எங்கே வளரும்? புல்வெளிக்கு நடுவே நீர் ஊறும் பள்ளங்களில். அந்தப் புல்வெளியைத்தான் வெறும் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் என்று நட்டுத் தீர்த்தார்கள். சீகை பரவினால் அதன் அடியில் புல் நிற்காது. பள்ளமும் வற்றும். எருமை மேய இடமும் போகும். பிரம்புக்கும் மூங்கிலுக்கும் காட்டுக்குள் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டிய காலம் வேறு வந்தது. கைவினை அழிகிறது என்றால் கற்றுக்கொள்ள ஆளில்லை, இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். கை இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, புல் இல்லை. இதுவும் ஊர் வரலாறுதான். எந்த ஆண்டு எந்தச் சரிவில் மரம் நட்டார்கள் என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், நடவுக்கே கூலிக்குப் போயிருப்பார்கள்.

கோத்தர் பானைக்கும் இதே கதைதான். பெண்கள் வனைவது அது. நினைத்த நேரத்தில் மண்ணை வெட்டிவந்து வனைகிற வேலை இல்லை, அவர்கள் கடவுள் கம்பட்டராயர் விழாவோடு சேர்ந்தது. அந்த மண் எடுக்கும் இடத்துக்குப் போக வழி இருக்கிறதா என்பதையும் பிள்ளைகள் கேட்டுவரட்டும்.

ஹட்டிக்காரர்

கதை பக்கம் யாரும் இன்னும் வரவில்லையே. டீச்சர், ஒரே கதைக்கு ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஹெத்தையம்மன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை வாக்கில் ஹெத்தை ஹப்பா, அவள் திருவிழா. பேரகணி ஊருக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவார்கள். ஹெத்தை யார், எந்த ஊரில் பிறந்தாள், எப்படித் தெய்வமானாள் என்று கேட்டால் ஒவ்வொரு ஹட்டியிலும் வேறு மாதிரி சொல்வார்கள். எங்கள் பாட்டி சொன்னது ஒன்று, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர் தன் ஊர்க் கதை என்று சொன்னது இன்னொன்று. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து விட்டுக்கொடுக்காமல் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் இரண்டையும் எழுதட்டும். யார் சொன்னது, அவர் பிறந்த ஊர் எது, கட்டிக்கொடுத்த ஊர் எது என்பதையும் கூடவே எழுதட்டும். கதை பெரும்பாலும் பெண்ணோடுதான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறது.

மந்துப்பெண்

மாமா சொல்வது எங்களுக்கும் பொருந்தும். எங்கள் தோற்றக் கதையில் மனிதன் முதலில் வருவதே இல்லை. கடவுளும் அவர் மனைவியும் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வெளியே கொண்டுவருகிறார்கள். எருமை எருமையாக வெளியே வந்து, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடன் வருகிறான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது சிரித்தேன். இப்போது எங்கள் மந்தில் எருமை குறைந்துகொண்டே வருவதைப் பார்க்கும்போது இந்தக் கதை வேறு மாதிரி கேட்கிறது.

எங்கள் பாட்டில் ஒரு வரி சொன்னால் அதற்கு இணையான வரியும் உடனே சொல்ல வேண்டும். மந்தின் பெயர், எருமையின் பெயர், குன்றின் பெயர் எல்லாம் ஜோடி ஜோடியாக வரும். நல்ல பாட்டுக்காரர் அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே அந்த ஜோடிகளுக்குள் பொருத்திப் பாடிவிடுவார். எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1930-களில் இந்த மலையில் தங்கி எங்கள் பாட்டுகளை எழுதினார், 1971-ல் பெரிய நூலாக வந்தது. அதில் இருக்கும் மந்துகள் சிலவற்றில் இப்போது ஆளில்லை. பாட்டில் மட்டும் பெயர் இருக்கிறது. மந்துகளுக்கு வரும்போது பிள்ளைகள் பாட்டில் வரும் இடப்பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும். அந்த இடங்கள் எங்கே என்று காட்ட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். சாவுப் பாட்டைச் சும்மா உட்கார்ந்து பாடிக்காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். சாவு இல்லாத நாளில் அதை வாயில் எடுக்கப் பெரியவர்கள் விரும்புவதில்லை. செல்போனை நீட்டினால் மரியாதைக்காகப் பாடிவிடுவார்கள், அன்று முழுக்க மனசு சரியிருக்காது.

லயத்துப்பிள்ளை

எல்லோரும் எழுதியதை வரிவிடாமல் படித்தேன். ஒரு கேள்வி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் தாயகம் திரும்பியோர் குடும்பம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை இங்கே தேயிலை நட ஆரம்பித்தது, பிற்பாடு அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. குந்தாவிலிருந்து அண்ணன் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. காடும் புல்வெளியும் போன கதையில் எங்கள் தாத்தாக்களின் கையும் இருக்கிறது. அவர்களாகக் கேட்டு வந்த வேலை இல்லை அது. கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள், குடியிருக்க லயம், அதாவது வரிசை வீடு, கொடுத்தார்கள்.

எங்கள் தாத்தா இலங்கை மலையகத்தில் காமன் கூத்து ஆடியவர், ரதி வேஷம். மாசியில் காமன் ஊன்றி, மதன் எரியும் நாள் வரை தோட்டமே விழித்திருக்கும் என்பார். தப்பு மேளத்தை அனலில் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டி, சுதி ஏறிவிட்டதா என்று காதை வைத்துக் கேட்பார். பதம் வரும்வரை யாரையும் அடிக்க விடமாட்டார். கொழுந்துக்கூடை முடையவும் தெரியும். இதெல்லாம் நீலகிரிக் கைவினையில் வருமா, டீச்சர்? என் தம்பி உங்கள் பள்ளி மாதிரி ஒரு பள்ளியில்தான் படிக்கிறான். "நம் வீட்டில் பழைய பொருள் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

குந்தாவிலிருந்து

தம்பி, மரம் நட்டது தாத்தா கையாக இருக்கலாம், நடச் சொன்னது அவர் இல்லை. அந்தக் கோபம் உங்கள் வீட்டின்மேல் இல்லை. தாத்தா எந்தச் சரிவில் முதல் நடவு நட்டார், அதற்குமுன் அங்கே என்ன இருந்தது என்று அவர் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். எங்களுக்கு மேலிருந்து தெரிந்தது அவருக்குக் கீழே குனிந்து தெரிந்திருக்கும்.

கல்லெழுத்து

கட்டாயம் வரும். படுகர்களே விஜயநகரம் சரிந்த காலத்தை ஒட்டி மைசூர்ப் பக்கமிருந்து ஏறி வந்தவர்கள் என்றுதான் அவர்கள் கதைகளும் சொல்கின்றன. வந்து சேர்ந்த ஆண்டை வைத்து யார் கதை ஊர்க் கதை என்று பிரித்தால் எங்கே நிறுத்துவது?

சோலைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. லயத்துப்பிள்ளை, உங்கள் தாத்தா தப்பு காய்ச்சும் விதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தாள்கள்தான் கிட்டத்தட்ட வெற்றாக வந்தன. உங்கள் எழுத்தை வகுப்பில் வாசித்தால் அவர்களுக்கு எழுத வரும்.

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துப் புதுத் தாள் போட்டிருக்கிறேன். பொருளின் பெயருக்குக் கீழே, செய்தவர் எந்த ஊர், யாருக்காகச் செய்தார், பதிலுக்கு என்ன வாங்கினார். அப்புறம் தேன்பாறை சொன்ன கேள்வி, கூட நின்று பிடித்துக்கொடுப்பவர் யார். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, இப்போதும் கிடைக்கிறதா. நின்றுபோயிருந்தால் எப்போது, எதனால். கதை என்றால் சொன்னவர் பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும். கடைசியில், "இதை எழுதலாமா, யார் யாருக்குக் காட்டலாம்" என்று சொன்னவரிடமே கேட்டு அவர் பதிலை அவர் வார்த்தையிலேயே எழுத ஒரு இடம். வேண்டாம் என்றால் தாளைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். எழுதிச் சேர்த்ததில் ஒரு படி பள்ளியில், ஒரு படி அந்தந்த ஊரில் இருக்கும்.

முத்தோரை பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மைய அருங்காட்சியகத்துக்கும் இந்தப் பருவத்திலேயே கூட்டிப்போகிறேன். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தத் தாளை நிரப்ப முடிகிறதா என்று பார்க்கச் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் அருகிவரும் பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் 6 குடிகளும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்தப் பேச்சில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வந்துவிட்டார்கள். பனியரும் காட்டுநாயக்கரும் வரவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கமிருந்து யாராவது படித்துக்கொண்டிருந்தால் எழுதுங்கள், எங்கள் தாளில் அந்தப் பக்கத்துக்கு என்ன கேள்வி சேர்க்க வேண்டும் என்று.

தேன்பாறை

பந்தலூரில் எனக்குத் தெரிந்த காட்டுநாயக்கர் தம்பி ஒருவர் இருக்கிறார், அவரும் தேன் எடுப்பவர்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருவார், அப்போது இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். எழுதச் சம்மதித்தால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து போடுகிறேன்.